தீர்த்தம்மாள் வாங்கிய தொண்ணூற்றேழு

நஞ்சப்பன் தம் எழுபத்தேழாவது வயதில் ஒரு பரீட்சையில் பெயிலாக வேண்டும் என்று முடிவு செய்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அந்தக் காலத்தில் எந்த முயற்சியும் இல்லாமல் தானாக வந்த பெயில், இப்போது தலைகீழாக நின்றாலும் வருவதாக இல்லை.

பரீட்சை வைப்பது பொன்மாலை மூத்தோர் வாழ்வகம். இண்டூரைத் தாண்டி, ஒகேனக்கல் பஸ்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு பறக்கிற சாலையின் ஓரத்தில் இருக்கிறது. அதை முதியோர் இல்லம் என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன காவல்காரர் ஒருவருக்கு மெமோ கொடுத்த இடம் அது. அங்கே கிழவர் கிழவி யாரும் கிடையாது, எல்லாரும் 'அனுபவச் செல்வர்கள்'. காலையில் ஊற்றுகிற கஞ்சிக்குப் பெயர் 'உதய ஊட்டம்'.

கட்டடத்துக்கு இரண்டு பிரிவு. மாடியில் 'சுதந்திரா': தாமே எழுந்து, தாமே குளித்து, தாமே சாப்பிடுகிறவர்களுக்கு. கீழே 'அரவணைப்பு': அதெல்லாம் முடியாதவர்களுக்கு. யார் எங்கே இருப்பது என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்கிற வழக்கம் அங்கே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருடைய வாழ்க்கைத் தரத்தையும் அளந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் அரவணைப்பு.

நஞ்சப்பன் மாடியில் இருந்தார். அவர் மனைவி தீர்த்தம்மாள் கீழே. மகன் அருள்குமாருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எட்டாவது மாடி வீட்டில் அம்மாவை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாமல் இரண்டு பேரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தான். தீர்த்தம்மாளுக்கு மறதி நோய். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் மகன் பெயரை மறந்தாள். அப்புறம் பேச்சே மறந்துபோயிற்று. நடக்கவும் மறந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, போன ஆடியிலிருந்து சாப்பிடுவது எப்படி என்பதும் மறந்துவிட்டது. ஸ்பூனைக் கண்டால் பல்லை இறுக்கிக்கொள்வாள். ஆனால் ஒரு மனிதக் கை வந்து உதட்டைத் தொட்டால் வாய் திறக்கும். கேழ்வரகுக் களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி வைத்தால் மளுக்கென்று விழுங்குவாள். அறுபது எழுபது வருடம் களி விழுங்கிய தொண்டை அது. அந்த உடம்பில் எதையும் மறக்காமல் இருந்தது அது ஒன்றுதான்.

இது தெரிந்தவர்கள் பொன்மாலையில் இரண்டே பேர். ஒருவர் நஞ்சப்பன். இன்னொருத்தி, கீழ்த்தளத்தில் வேலை பார்த்த சகாயராணி. விதிப்படி கையுறை போட்டு, ஸ்பூனால்தான் கொடுக்க வேண்டும். சகாயராணி கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, சோற்றைப் பிசைந்து கையால் ஊட்டுவாள். அவள் லீவு போட்ட நாட்களில் தீர்த்தம்மாளின் வயிற்றுக்கும் லீவு.

மாலை நான்கிலிருந்து நான்கரை வரை நஞ்சப்பன் பார்வையாளராகக் கீழே போகலாம். சாப்பாட்டு வேளையில் போகக் கூடாது. ஏன் என்று அவர் மேலாளர் மதியழகனிடம் கேட்டார். மதியழகன் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"ஐயா, நீங்க ஊட்டினீங்கன்னா அம்மா சாப்பிடுவாங்க. நான் மறுக்கல. ஆனா அந்த மார்க் யாருக்குப் போகும்? ரெண்டு பிரிவு மார்க்கும் கலந்துபோயிடும். நாளைக்கு ஆடிட்ல வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"கலக்காதுங்க. ஊட்டிட்டுக் கையக் கழுவிக்கிட்டு மேல போயிடறேனுங்க."

"உங்க வெள்ளை மனசு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க ஐயா" என்று மதியழகன் அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

வழி சொன்னவள் சகாயராணிதான். ஒரு நாள் மாலை, தீர்த்தம்மாளுக்குத் தலை வாரிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"தாத்தா, உங்க மார்க்கு அம்பதுக்குக் கீழ வந்துட்டா உங்களையும் இங்கயே எறக்கி வுட்டுருவாங்க. ஆத்தா பக்கத்துக் கட்டிலு சும்மாத்தான் கெடக்குது. அப்புறம் மூணு வேளையும் நீங்களே ஊட்டலாம், யாரு கேக்கறது?"

"போன தடவ எவ்வளவு கண்ணு வாங்குனேன்?"

"தொண்ணூத்தொண்ணு."

சகாயராணி தலையில் அடித்துக்கொண்டாள். நஞ்சப்பனுக்கே வெட்கமாகப் போயிற்று. அவர் என்ன செய்வார்? அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. கால் ஒடிந்து கட்டுப் போட்டுப் படுத்திருப்பவனைக் கேட்டாலும், "நல்லாயிருக்கறேனுங்க, நீங்க நல்லாயிருக்கறீங்களா?" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலுக்கெல்லாம் மதிப்பெண் போடுவார்கள் என்று யார் கண்டது?

அடுத்த அளவீட்டு நாளில் சென்னையிலிருந்து ஜாஸ்மின் என்ற தர அலுவலர் கைக்கணினியோடு வந்து இறங்கினாள். நஞ்சப்பன் காலையிலேயே சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, தலை சீவாமல், பரீட்சைக்குத் தயாராக இருந்தார்.

முதலில் நடை. தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். நஞ்சப்பன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செம்பருத்திச் செடியின் பக்கம் வந்தபோது பார்த்தால், யாரோ குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு அடிக்குப் போர் போட்டு, புழுதியையும் காற்றையும் மட்டும் பார்த்த மனிதர் அவர். இழுத்த கால் எங்கே போயிற்றோ, நாலே எட்டில் போய்க் குழாயை மூடிவிட்டு, "எவன்டா அவன், தொறந்து வுட்டுட்டுப் போனவன்?" என்று ஒரு சத்தம் போட்டார். மாடியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு அனுபவச் செல்வர்கள் எழுந்துவிட்டார்கள். நடைக்கு முழு மதிப்பெண். சமூகப் பொறுப்பு என்ற தலைப்பிலும் முழு மதிப்பெண்.

அடுத்தது நினைவு.

"இன்னிக்கு என்ன கிழமைங்க ஐயா?"

"தெரியலீங்க."

"என்ன மாசம்?"

"நெனப்பில்லீங்க."

ஜாஸ்மினின் முகம் வாடிவிட்டது. அவள் நல்ல பெண். பெரியவரைத் தேற்றலாம் என்று, "பரவால்லைங்க ஐயா. நீங்க விவசாயம் பண்ணவங்கதானே? இப்பப் பெய்யற மழைக்கு என்ன விதைப்பாங்க?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தாள். அவ்வளவுதான்.

"இப்ப ஆவணி கடசிங்க. வர்ற புதங்கெழம பொரட்டாசி பொறக்குது. இந்த ஈரத்துக்குக் கொள்ளு போட்டாத்தான் உண்டு. மேட்டுக்காட்டுல..." என்று தொடங்கியவர், எந்த வருடம் எந்தக் காட்டில் எத்தனை மூட்டை என்பது வரைக்கும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. நினைவுக்கும் முழு மதிப்பெண்.

கடைசியாக மிச்சமிருந்தது திருப்தி. அதற்கு மட்டும் அறுபது மதிப்பெண். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பதுதான். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டார்கள். பரிமாறும் மேஜைக்குப் பின்னால் சமையல்கார ராமக்காள் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். அவள் வைக்கிற அவரைக்கொட்டைக் குழம்புக்கு இரண்டாம் தடவையும் தட்டை நீட்டுகிறவர் நஞ்சப்பன்.

"சாப்பாடு எப்படிங்க ஐயா?"

சாப்பிட்ட இடத்தில் குறை சொல்வது நஞ்சப்பன் வம்சத்திலேயே இல்லை. சம்பந்தி வீட்டு விசேஷத்தில் உப்பே விழாத சாம்பாரை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டு, "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர். ஆனால் அன்றைக்குச் சகாயராணி லீவு. கீழே தீர்த்தம்மாளுக்கு முன்னால் ஒரு ஸ்பூன் நீண்டுகொண்டிருக்கும், அவள் பல்லை இறுக்கிக்கொண்டிருப்பாள்.

"வாயில வெக்க முடியலீங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ராமக்காளின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது.

முதல் பொய்தான் கஷ்டம். அதற்கப்புறம் படுக்கை மோசம், காற்று மோசம், வேலையாட்கள் மோசம், மேலாளர் மோசம் என்று வரிசையாகக் கொட்டிவிட்டார். அதில் ஒன்றிரண்டு உண்மையும் கலந்துவிட்டது. ஜாஸ்மின் கண் கலங்கி, "இவ்வளவு மனக்குறையோட இருக்கற ஒருத்தரை இனியும் சுதந்திராவுல விட்டு வைக்கறது பாவம்" என்றாள். நூற்றுக்கு நாற்பது.

நஞ்சப்பன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷப்பட்டுப் பார்த்தார். ராமக்காளின் முகம் விடவில்லை.

அதே நாள் ஜாஸ்மின் கீழ்த்தளத்துக்கும் போனாள். இதுவரை தீர்த்தம்மாளைப் பற்றிய கேள்விகளுக்குச் சகாயராணிதான் பதில் சொல்லிவந்தாள், அதனால் மதிப்பெண் பன்னிரண்டைத் தாண்டியதில்லை. அந்த முறையை இந்தத் தடவை ஒழித்துவிட்டார்கள். 'மூத்தோரின் சொந்தக் குரல்' என்று புதிய திட்டம். ஒருவருக்காக இன்னொருவர் பேசக் கூடாது. அவரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை என்று கணினியே எடுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டில் குறை உண்டா என்று கேட்டார்கள். தீர்த்தம்மாள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறை இல்லை. கவனிப்பில் குறை உண்டா? இல்லை. தனிமையாக உணர்கிறீர்களா? இல்லை. மூன்று மாதத்தில் நடக்கும்போது எத்தனை முறை விழுந்தீர்கள்? நடந்தால்தானே விழுவதற்கு! பூஜ்யம், முழு மதிப்பெண். ஞாபகமறதி இருப்பதாகத் தாங்கள் புகார் செய்ததுண்டா? இல்லவே இல்லை. மொத்தம் தொண்ணூற்றேழு. குறைந்த மூன்று மதிப்பெண், போட்டோவுக்குச் சிரிக்காததற்கு.

பொன்மாலையின் வரலாற்றில் அப்படி ஒரு மதிப்பெண்ணை யாரும் வாங்கியதில்லை. திங்கட்கிழமை எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, தீர்த்தம்மாளின் சக்கர நாற்காலியை நடுவில் நிறுத்தி, கழுத்தில் சம்பங்கி மாலையைப் போட்டு, மதியழகன் மைக்கைப் பிடித்தார்.

"போன வருஷம் ஆடிட்ல என்னை ஒரு கேள்வி கேட்டாங்க. 'அரவணைப்புல சேர்ந்தவங்கள்ல ஒருத்தராவது மேல போயிருக்காங்களா?' அப்படின்னு. தலை குனிஞ்சு நின்னேன். இதுவரைக்கும் போனவங்க எல்லாரும் வேற வழியாத்தான் மேல போயிருக்காங்க. இன்னிக்கு முதல் முறையா ஒருத்தங்க லிப்ட்ல போறாங்க! தீர்த்தம்மாள் அம்மா இன்று முதல் சுதந்திரா!"

எல்லாரும் கை தட்டினார்கள். பெங்களூரில் அருள்குமாரின் போனுக்கு மாலையோடு படம் போயிற்று. 'உங்கள் தாயார் முன்னேறியுள்ளார்' என்று கீழே எழுதியிருந்தது. அவன் ஆபீசிலிருந்தபடியே ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பி வைத்தான்.

நஞ்சப்பனையும் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அரவணைப்புக்குப் போகிறவர் நடக்கக் கூடாதாம். லிப்ட் கதவு திறந்தபோது அவர் இறங்க வேண்டியவர், அவள் ஏற வேண்டியவள். இரண்டு நாற்காலியும் வாசலில் ஒரு கணம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார். தீர்த்தம்மாள் வாயைத் திறந்தாள். கையில் ஒன்றும் இல்லாமல் அப்படித் தொட்டிருக்கக் கூடாது என்று அவர் அப்புறம் ரொம்ப நேரம் வருந்தினார்.

சுதந்திராவில் யாருக்கும் தட்டு கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் இல்லை. மணி அடித்தால் அவரவர் கூடத்துக்கு வந்து வேண்டியதைப் போட்டுக்கொள்ள வேண்டும். வராதவர்கள் பெயருக்கு நேரே 'சுயவிருப்பத்தின் பேரில் தவிர்த்தார்' என்று பச்சை நிறத்தில் பதிவாகும். சுயமாக முடிவெடுப்பது நல்ல வாழ்க்கைத் தரத்துக்கு அடையாளம் என்பதால் அதற்கு அரை மதிப்பெண் வேறு உண்டு. தீர்த்தம்மாள் ஒரு நாளைக்கு ஒன்றரை மதிப்பெண் சம்பாதித்தாள். அரவணைப்பில் இருப்பவர்கள் பார்வையாளராக மாடிக்குப் போக விதியில் இடமில்லை.

சகாயராணி இடைவேளையில் மாடிக்கு ஓடி ஊட்டினாள். இரண்டாம் நாளே மெமோ வந்தது. மூன்றாம் நாள் மாடிக்குப் போகிற கதவு அவளுடைய அட்டைக்குத் திறக்கவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்று அழுததை நஞ்சப்பன் பார்த்தார். அன்று மாலையே தம்மைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி மேலாளர் அறைக்குப் போனார்.

"ஐயா, நான் பொய் சொல்லிப்புட்டேனுங்க. சோறு நல்லாத்தான் இருந்துதுங்க. ராமக்காளு வெக்கிற கொழம்பு மாதிரி ஊர்லயே இல்லீங்க. என்ன மறுபடியும் மேலயே ஏத்தி வுட்டுருங்க."

மதியழகன் குறித்துக்கொண்டார். "சொன்னதை இப்ப மாத்திச் சொல்றீங்க. குழப்பம் அதிகமாகியிருக்குது. உங்களுக்கு அரவணைப்பு தேவைங்கறது இதுலயே தெரியுதுங்களே ஐயா. அடுத்த அளவீடு மார்கழியில."

"அதுவரைக்கும் அவ தாங்க மாட்டாளுங்க. கையால ஊட்டுனா திம்பா. ஒரு வேள வுடுங்க, போதும்."

மதியழகனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "சுதந்திராவுல இருக்கறவங்களுக்கு ஊட்டறதா? அது அந்தம்மாவோட சுயமரியாதைக்கு எவ்வளவு பெரிய இழுக்கு தெரியுங்களா? அதை அனுமதிச்சா நான் மனுஷனே இல்லைங்க ஐயா!"

வெள்ளிக்கிழமை தீயணைப்பு ஒத்திகை. மணி அடித்ததும் இரண்டு பிரிவுக்காரர்களையும் முன்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐந்து நாளில் தீர்த்தம்மாளின் கன்னம் உள்ளே போயிருந்தது. நஞ்சப்பன் தம் நாற்காலியின் சக்கரத்தைத் தாமே உருட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தபோது, சமையற்கட்டுப் பக்கமிருந்து ராமக்காள் வேகமாக வந்தாள். பொன்மாலையில் கேழ்வரகு 'சிறுதானிய வெள்ளி' அன்று பிஸ்கட்டாகத்தான் வரும். ஆனால் சமையல்காரர்கள் தங்களுக்கென்று பின்கட்டில் களி கிண்டிக்கொள்வார்கள். அதில் ஓர் உருண்டையைக் கிண்ணத்தில் போட்டு, மேலே குழம்பை ஊற்றி எடுத்து வந்திருந்தாள்.

"நான் அன்னிக்குச் சொன்னத மனசுல வெச்சுக்காதம்மா" என்றார் நஞ்சப்பன்.

"அது கெடக்குதுங்க. மணி நிக்கறதுக்குள்ள ஊட்டுங்க."

கிள்ளினார், புரட்டினார், உதட்டில் வைத்தார். மளுக்கென்று போயிற்று. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது வாயைக் கிள்ளும்போது விசில் ஊதிவிட்டார்கள். எல்லாரையும் ஆறே நிமிடத்தில் வெளியே கொண்டுவந்ததாகவும், இனி எந்தத் தீ வந்தாலும் பொன்மாலையில் ஓர் உயிர்கூடப் போகாது என்றும் மதியழகன் மைக்கில் சொன்னார். ஒருவர் தீர்த்தம்மாளின் நாற்காலியைத் திருப்பி லிப்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனார். அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

அரவணைப்பில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போன் கொடுப்பார்கள். நஞ்சப்பன் மகனைக் கூப்பிட்டார்.

"அருளு, உங்கம்மா சரியாவே சாப்புடறதில்லடா."

"இல்லப்பா, எனக்கு மூணு வேளையும் போன்ல வந்துடுது. எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. ஒரு நாள்கூடச் சிவப்பு வரலையே. நீங்கதான் சும்மா கவலைப்படறீங்க. சனிக்கிழமை நேர்ல வர்றேன், சரியா?"

உடனே கிளம்பி வாடா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததுதான். மகன் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு பாழாய்ப்போன பழக்கம். "ஒண்ணும் அவசரமில்ல சாமி. வேலையப் பாத்துக்கிட்டு மெதுவா வா" என்று போனைக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை காலை தீர்த்தம்மாள் உதய ஊட்டத்தைத் தவிர்த்ததாகப் பச்சையில் பதிவானது. பத்து மணிக்குப் பெருக்க வந்த பெண் பார்த்தபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. கீழே அரவணைப்பில், பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடக்க, நஞ்சப்பன் இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சகாயராணி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

அருள்குமார் பெங்களூரிலிருந்து வந்து சேரப் பிற்பகலாகிவிட்டது. முன்வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் மதியழகன் அஞ்சலி உரை நிகழ்த்தினார். அழுதுகொண்டேதான் பேசினார், அதில் பொய் இல்லை.

"எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். சோறு சரியில்லைம்பாங்க, தண்ணி சரியில்லைம்பாங்க. கடைசி மூச்சு வரைக்கும் ஒரு குறைகூடச் சொல்லாத ஒரே ஆத்மா இந்தத் தாய்தான். போன வாரத்துல மட்டும் பத்து மதிப்பெண் கூடியிருக்கு. நூற்றைத் தாண்டிட்டாங்க!"

உடலைச் சொந்த ஊரான இண்டூருக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றது. வெளியே விடச் சீட்டு வேண்டும். சீட்டு வர வேண்டுமென்றால் குடும்பத்தார் கருத்துப் படிவத்தைப் போனில் நிரப்ப வேண்டும். நஞ்சப்பன் அரவணைப்பில் இருப்பதால் அவர் கருத்து செல்லாது, மகன்தான் நிரப்ப வேண்டும். அருள்குமார் வண்டியின் பின்கதவில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தான். அறையின் தூய்மைக்கு நட்சத்திரம் எத்தனை? ஊழியர்களின் புன்னகைக்கு எத்தனை? எங்களை உங்கள் நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?

நஞ்சப்பன் நாற்காலியை விட்டு எழுந்து மகனிடம் நடந்து போனார். யாரும் தடுக்கவில்லை.

"அருளு."

"சொல்லுங்கப்பா."

"உங்கம்மா சாப்ட்டாளான்னு ஒரு கேள்வி அதுல இருக்குதா பாரு."

அருள்குமார் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். கேள்விகளை மேலே தள்ளிக்கொண்டே போனான். நாற்பத்திரண்டு கேள்வி இருந்தது. கடைசிக் கேள்விக்குக் கீழே 'நன்றி' என்று வந்தது. வண்டிக்காரர் இஞ்சினைப் போட்டுவிட்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருள்குமார் தரையில் உட்கார்ந்துகொண்டு, முதல் கேள்விக்குப் போய், மறுபடியும் தேட ஆரம்பித்தான்.